ஓட்டு கேட்கும் நீதிபதிகளும் பில் கேட்கும் நிருபர்களும்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 2017 இறுதியில் ஒரு சோபா பெரிய அரசியல் செய்தியானது. தலைநகர் சார்ல்ஸ்டனில் உள்ள டபிள்யூ.சி.எச்.எஸ். என்ற உள்ளூர்த் தொலைக்காட்சியின் நிருபர் கென்னி பாஸ், மாநில உச்ச நீதிமன்றம் தன் அறைகளைப் புதுப்பிக்கச் செலவழித்த கணக்கைத் தகவல் அறியும் சட்டப்படி கேட்டு வாங்கினார். தலைமை நீதிபதி ஆலன் லௌரியின் அறையில் கிடந்த சோபாவின் விலை 32,000 டாலர் என்று அதில் இருந்தது. அன்றைய மதிப்பில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல். தரையில் மரத்தால் இழைத்துப் பதித்த மாநில வரைபடத்துக்கு 7,500 டாலர். அந்த ஓர் அறைக்கு மட்டும் ஏறத்தாழ 3,63,000 டாலர். ராபின் டேவிஸ் என்ற இன்னொரு நீதிபதியின் அறைக்கு ஐந்து லட்சம் டாலர். அமெரிக்காவின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று இது; சுரங்கங்கள் மூடி, வேலை போய், ஊர் ஊராக ஆட்கள் வெளியேறிக்கொண்டிருந்த நேரம்.

அடுத்த ஒன்பது மாதங்களில் அந்த நீதிமன்றமே கலைந்துபோனது. மொத்தம் ஐந்து நீதிபதிகள். ஒருவர் ராஜினாமா செய்துவிட்டார். மீதி நால்வர் மீதும் 2018 ஆகஸ்டில் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை பதவிநீக்கக் குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. இருவர் கூட்டரசு நீதிமன்றத்தில் குற்றவாளிகள் ஆனார்கள். இத்தனைக்கும் இந்த ஐந்து பேரையும் யாரோ ஒரு குழு கதவைச் சாத்திக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை. எல்லோரும் மக்களிடம் நேரடியாக ஓட்டு வாங்கி வந்தவர்கள்.

நம் ஊரில் நீதிபதி வீடு வீடாக வந்து கும்பிடு போட்டு ஓட்டு கேட்பதைக் கற்பனை செய்வதே கஷ்டம். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்றால் மூத்த நீதிபதிகளின் கொலீஜியம் பரிந்துரைக்கும், குடியரசுத் தலைவர் நியமிப்பார், அவ்வளவுதான். அமெரிக்காவிலும் கூட்டரசு நீதிபதிகள் நியமனம்தான். மாநில நீதிமன்றங்கள் வேறு கதை. 1832-இல் மிசிசிப்பி மாநிலம் தன் எல்லா நீதிபதிகளையும் தேர்தல் மூலம் எடுப்பது என்று முடிவு செய்தது. 1846-இல் நியூயார்க் அந்த வழிக்கு வந்தது. அப்புறம் மற்ற மாநிலங்கள் வரிசை கட்டின. ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் வேண்டப்பட்டவர்கள் நீதிபதி ஆவதைத் தடுக்க மக்களிடமே பொறுப்பைக் கொடுத்துவிடலாம் என்பது அன்றைய நியாயம். அதில் தவறு சொல்ல முடியாது. இன்றும் பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் நீதிபதிகள் வாக்காளர்களைச் சந்திக்கிறார்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் ரோடு போட்டாரா என்பது வாக்காளருக்குத் தெரியும். நீதிபதி நன்றாகத் தீர்ப்பு எழுதினாரா என்பது எப்படித் தெரியும்? வழக்கில் மாட்டாத வரை நீதிமன்றப் படி மிதிக்காதவர்கள்தான் எல்லா ஊரிலும் அதிகம். நாளை தன் முன் வரக்கூடிய வழக்கில் என்ன செய்வேன் என்று வேட்பாளர் வாக்குறுதி தரவும் கூடாது. அது நீதித்துறை ஒழுக்க விதி. ஆக, மேடையில் வாக்குறுதி தர முடியாது, கடந்தகாலத் தீர்ப்புகளை யாரும் படிப்பதில்லை. வாக்குச்சீட்டில் இருப்பது ஒரு பெயர், அதன் மேல் டிவி விளம்பரம் விட்டுப்போன ஒரு மங்கலான ஞாபகம். ஒரு நீதிபதியைப் பற்றி வாக்காளர் கையில் வேறு ஏதாவது தகவல் இருக்குமென்றால், அதை ஊர்ப் பத்திரிகையின் நீதிமன்ற நிருபர் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும். வேறு வழி அநேகமாக இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் இருபது வருடக் கதையைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

கதை ஒரு நிலக்கரி ஒப்பந்தத்தில் ஆரம்பிக்கிறது. ஹியூ கேப்பர்ட்டன் என்பவரின் ஹார்மன் மைனிங் ஒரு சின்ன நிறுவனம். அதன் நிலக்கரியை வாங்கிக்கொண்டிருந்த கம்பெனியை 1997-இல் ஏ.டி. மேஸி என்ற பெரிய நிறுவனம் விழுங்கியது. கொள்முதல் ஒப்பந்தம் முறிந்தது, அடுத்த வருடமே ஹார்மன் திவால். கேப்பர்ட்டன் வழக்குப் போட்டார். 2002 ஆகஸ்டில் பூன் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) ஜூரி, மேஸி செய்தது மோசடிதான் என்று சொல்லி 5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மேஸி மேல்முறையீட்டுக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த மாநிலத்தில் அப்போது இடைநிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று ஒன்று கிடையாது; 2022-இல்தான் வந்தது. ஆகவே வழக்கு நேராக ஐந்து நீதிபதிகள் கொண்ட மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஐந்து நாற்காலிகளில் ஒன்றுக்கு 2004 நவம்பரில் தேர்தல்.

மேஸியின் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் அந்தத் தேர்தலில் சுமார் 30 லட்சம் டாலர் இறக்கினார். பதவியில் இருந்த வாரன் மெக்ரா தோற்க வேண்டும், பிரென்ட் பெஞ்சமின் என்ற வழக்கறிஞர் ஜெயிக்க வேண்டும். வேட்பாளரின் கணக்குக்கு நேரடியாகத் தர சட்டம் அனுமதித்தது 1,000 டாலர்தான், அதைத் தந்தார். கிட்டத்தட்ட 25 லட்சம் டாலர் 'குழந்தைகளின் நலனுக்காக' என்ற பொருளில் பெயர் வைத்த ஓர் அமைப்புக்குப் போனது. மீதி ஐந்து லட்சத்துச் சொச்சம் தபால் பிரசாரம், விளம்பரம் என்று அவரே செலவழித்தார். பெஞ்சமினின் மற்ற ஆதரவாளர்கள் எல்லோரும் சேர்ந்து செலவழித்ததைவிட இது அதிகம். பெஞ்சமினின் சொந்தப் பிரசாரக் குழு செலவழித்ததைப் போல மூன்று மடங்கு. விளம்பரங்களில் நிலக்கரி என்ற பேச்சே இல்லை. சிறாரிடம் பாலியல் குற்றம் செய்த ஒருவனை மெக்ரா வெளியே விட்டார், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்க அனுப்பினார் என்பதுதான் திரும்பத் திரும்ப ஓடியது.

பெஞ்சமின் 3,82,036 ஓட்டு வாங்கினார், மெக்ரா 3,34,301.

இங்கே பத்திரிகைகள் என்ன செய்தன? பணம் யாருடையது என்பதை மறைக்க முடியவில்லை. பெரிய நன்கொடையாளர் யார் என்று சார்ல்ஸ்டன் டெய்லி மெயில் தேர்தலுக்கு முன்பே எழுதிவிட்டது. அதே சமயம், மாநிலத்தின் பெரிய பத்திரிகைகளில் ஒன்றைத் தவிர எல்லாமே தலையங்கத்தில் பெஞ்சமினைத்தான் ஆதரித்தன. மெக்ரா பேட்டி கொடுக்கவில்லை, விவாத மேடைக்கு வரவில்லை. போதாததற்கு ரசீன் என்ற ஊரில் தொழிலாளர் தினக் கூட்டத்தில் அவர் ஆவேசமாகக் கத்திப் பேசிய வீடியோ ஊரெல்லாம் ஓடியது. எனவே பத்திரிகைகள் எச்சரித்தன, மக்கள் கேட்கவில்லை என்று கதையை வசதியாக முடித்துவிட முடியாது. தலையங்கம் எழுதும் அறைக்கும் நிருபர் உட்காரும் மேசைக்கும் இடையே எப்போதுமே தூரம் உண்டு. இந்தக் கதையில் உருப்படியான வேலை எல்லாம் நிருபர் மேசையில்தான் நடந்தது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தேர்தல் நன்கொடை அறிக்கை மாநிலச் செயலாளர் அலுவலகத்தில் இருக்கும்: யார் கொடுத்தது, எவ்வளவு, எந்தத் தேதி, பெரிய தொகை என்றால் என்ன தொழில், எங்கே வேலை. வழக்குப் பதிவேடு நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் இருக்கும்: யாருக்கு யார் எதிர்தரப்பு, எந்த வழக்கறிஞர், அடுத்த வாய்தா என்றைக்கு, நீதிபதி விலகவேண்டும் என்று யாராவது மனுப் போட்டிருக்கிறார்களா. இரண்டும் பொது ஆவணங்கள்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க யாருக்கும் கடமை கிடையாது. தேர்தல் அதிகாரிக்கு வழக்கு தேவையில்லை, எழுத்தருக்கு நன்கொடை தேவையில்லை. வழக்கறிஞர்களுக்கு எல்லாம் தெரியும். ஆனால் நாளைக்கு அதே நீதிபதி முன்னால்தானே நிற்கவேண்டும், வாய் திறக்க மாட்டார்கள். நன்கொடைப் பட்டியலில் பாதிப் பேர் அவர்களாகவே இருப்பதும் உண்டு. கோர்ட் பீட் பார்க்கும், அதாவது நீதிமன்றச் செய்தியையே தொடர்ந்து கவனிக்கும் நிருபருக்கு மட்டும்தான் ஒரு பட்டியலில் பார்த்த பெயரை இன்னொன்றில் பார்க்கும்போது பொறி தட்டும். அதுவும் வருடக்கணக்கில் அதே கட்டடத்துக்குப் போய் வந்திருந்தால்தான்.

சரி, கதைக்கு வருவோம். கேப்பர்ட்டன் தரப்பு, பெஞ்சமின் இந்த வழக்கிலிருந்து விலக வேண்டும் என்று கேட்டது. அவர் மறுத்தார். 2007 நவம்பரில் 3-2 என்ற கணக்கில் 5 கோடி டாலர் தீர்ப்பு ரத்து. பெஞ்சமின் அந்த மூவரில் ஒருவர். மூவரில் இன்னொருவர் நீதிபதி மேனார்ட். 2008 ஜனவரியில் சில புகைப்படங்கள் வெளிவந்தன: வழக்கு மேல்முறையீட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த 2006 கோடையில், மேனார்டும் பிளாங்கன்ஷிப்பும் பிரான்சின் கடலோரத்தில் சேர்ந்து உல்லாசமாக இருக்கும் படங்கள். இருவரும் பழைய நண்பர்கள், அங்கே சந்தித்துக்கொண்டோம், செலவு அவரவருடையது என்பது மேனார்டின் விளக்கம். ஆனாலும் வழக்கிலிருந்து விலகினார். தேர்தலில் பிளாங்கன்ஷிப்பின் பணத்தை வெளிப்படையாகக் கண்டித்திருந்த நீதிபதி லாரி ஸ்டார்ச்சரும் தானாக விலகிக்கொண்டு, பெஞ்சமினையும் விலகச் சொன்னார். பெஞ்சமின் அசையவில்லை. அதோடு நிற்காமல் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்து, விலகிய இருவருக்குப் பதில் உட்கார வேண்டியவர்களை அவரே நியமித்தார். மறுவிசாரணை நடந்தது. 2008 ஏப்ரலில் மறுபடி 3-2, மறுபடி மேஸிக்கு வெற்றி.

அடுத்த மாதமே மேனார்ட் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் தோற்றார். அந்தப் படங்கள் இல்லையென்றால் அவர் இன்னொரு 12 வருடம் இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன். அங்கே ஒரு பதவிக்காலம் அவ்வளவு நீளம்.

படத்தோடு நிற்காமல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இன்னொரு காரியம் செய்தது. மேனார்ட் நீதிமன்றக் கணினியிலிருந்து பிளாங்கன்ஷிப்புக்கு எழுதிய மின்னஞ்சல்களைத் தகவல் அறியும் சட்டத்தில் கேட்டது. நீதிமன்ற நிர்வாக அதிகாரி ஸ்டீவ் கேன்டர்பரி மறுத்தார். வழக்குப் போனது. இருந்தவை 13 மின்னஞ்சல்கள். தேர்தலைத் தொட்டுப் பேசிய ஐந்தைக் கொடுக்கலாம் என்றார் கீழமை நீதிபதி. 2009-இல் மாநில உச்ச நீதிமன்றம், அதாவது மேனார்ட் உட்கார்ந்திருந்த அதே நீதிமன்றம், 13-இல் ஒன்றுகூடப் பொது ஆவணம் இல்லை என்று தீர்ப்பளித்தது. கணினி அரசினுடையது, ஆனால் பேசிய விஷயம் சொந்த விஷயம் என்பது வாதம். தன் அலமாரியைத் திறக்கலாமா கூடாதா என்று தானே தீர்ப்புச் சொல்லும் வசதி நீதிமன்றத்துக்கு மட்டும்தான் உண்டு. நீதித்துறையைப் பற்றிப் புலனாய்வு செய்வது மற்றத் துறைகளைவிடக் கடினமாவது இந்த இடத்தில்தான்.

இதற்கிடையே கேப்பர்ட்டன் வாஷிங்டனுக்குப் போய்விட்டார். 2009 ஜூன் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், பெஞ்சமின் விலகியிருக்க வேண்டும் என்றது. தன் வழக்கு வரப்போகிறது என்று தெரிந்து ஒருவர் இவ்வளவு பெரிய பணத்தைக் கொட்டி நீதிபதியைத் தேர்ந்தெடுக்க உதவினால், அந்த நீதிபதி அந்த வழக்கை விசாரிப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று நீதிபதி கென்னடி எழுதினார். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எதிர்த்தார். எவ்வளவு பணம் அதிகம், நண்பர் கொடுத்தால் என்ன, வழக்கு எத்தனை வருடம் கழித்து வந்தால் பரவாயில்லை என்று 40 கேள்விகளை எண் போட்டு வரிசையாக அடுக்கினார். நியாயமான கேள்விகள்தான், பலவற்றுக்கு இன்னும் விடை இல்லை. பத்திரிகைகள் பெஞ்சமினை ஆதரித்ததையும் சுட்டிக்காட்டியவர் அவரே.

கேப்பர்ட்டனுக்கு என்ன கிடைத்தது? வழக்கு மேற்கு வர்ஜீனியாவுக்குத் திரும்பி வந்தது. பெஞ்சமின் இல்லாத அமர்வு 2009 நவம்பரில் 4-1 என்று மறுபடியும் மேஸி பக்கமே நின்றது. இந்த வழக்கை வர்ஜீனியா மாநிலத்தில்தான் போட்டிருக்க வேண்டும் என்பது காரணம். சட்டப் புத்தகங்களில் அவர் பெயர் நிரந்தரமாகிவிட்டது, 5 கோடி டாலர் வரவில்லை.

இந்தத் தலைகுனிவுக்குப் பிறகு மாநிலம் சும்மா இருக்கவில்லை. 2010-இல் உச்ச நீதிமன்றத் தேர்தலுக்கு அரசே பிரசாரச் செலவு தரும் சோதனைத் திட்டம் கொண்டுவந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கை வாக்காளர்களிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டிக் காட்டினால், மீதிப் பிரசாரத்துக்கு அரசுப் பணம்; பெரிய முதலாளியிடம் கையேந்த வேண்டாம். 2015-இல் இன்னொரு சட்டம்: நீதிபதி தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. கேட்க எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

2012-இல் அரசுப் பணத்தில் பிரசாரம் செய்து ஜெயித்தவர் யார் தெரியுமா? ஆலன் லௌரி. அதுவும் சாதாரண ஆள் இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் அரசியல் ஊழல் வரலாற்றைப் பற்றி ஒரு தடித்த புத்தகமே எழுதியவர். சீர்திருத்தவாதிகள் வரைந்து வைத்திருந்த லட்சிய வேட்பாளர் என்றால் அவர்தான். 2008-இல் மேனார்டைத் தள்ளிவிட்டு வந்த இருவர் மெனிஸ் கெட்சமும் மார்கரெட் வொர்க்மனும். கட்சி இல்லாத முதல் தேர்தலில், 2016-இல், பெஞ்சமினைத் தோற்கடித்து வந்தவர் பெத் வாக்கர். அந்தத் தேர்தலில் பெஞ்சமினே அரசுப் பிரசார நிதி கேட்டு விண்ணப்பித்து, ஆவணங்களைக் காலத்தில் தரவில்லை என்று மறுக்கப்பட்டார் என்பது தனி நகைச்சுவை. ஓட்டு எண்ணிக்கையில் நான்காவது இடம்.

2018-இல் சிக்கிய ஐந்து பேரில் நால்வர் இப்படிக் கேப்பர்ட்டன் சர்ச்சை வெடித்த பிறகு வந்தவர்கள். நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், தேர்தல் விதியை மாற்றினால் நல்ல நீதிபதி வருவார் என்ற நம்பிக்கை அங்கே இரண்டு தடவை சோதிக்கப்பட்டது. விதி ஒருவர் எப்படி உள்ளே வருகிறார் என்பதைத்தான் பார்க்கிறது. வந்தபின் 12 வருடம் என்ன செய்கிறார் என்பதைப் பார்ப்பது வேறு வேலை.

கென்னி பாஸ் கேட்ட கேள்வியை முன்பே யாராவது கேட்டிருக்கலாம். பல ஆண்டுகளாகத் தொடர்ந்த புதுப்பிப்பு வேலை அது, மொத்தம் ஏறத்தாழ 37 லட்சம் டாலர். ஒவ்வொரு பில்லும் ஏதோ ஒரு கோப்பில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. மாநிலத் தகவல் சட்டப்படி மனுக் கொடுத்தால் ஐந்து வேலை நாளில் பதில் வர வேண்டும். ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? தீர்ப்பு வரும் நாளில் மட்டும் வந்து செய்தி எடுத்துப் போகிறவருக்குத் தச்சு வேலையின் பில் ஞாபகத்துக்கு வராது.

செய்தி வந்ததும் லௌரி, செலவுக்கெல்லாம் காரணம் பழைய நிர்வாக அதிகாரிதான் என்றார். அதாவது, மின்னஞ்சலைத் தர மறுத்த அதே கேன்டர்பரி. 2017 ஜனவரியில் வேலையை விட்டு நீக்கப்பட்டிருந்தார். அவர் மறுத்தார். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசப் பேச, நிருபர்களுக்குப் புதுப்புதுத் தகவல்கள் கிடைத்தன. மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தை வடிவமைத்த காஸ் கில்பர்ட் காலத்து மரமேசை ஒன்று லௌரியின் வீட்டில் இருந்தது தெரியவந்தது. கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகு அது நீதிமன்றத்துக்குத் திரும்பியது. சட்டமன்றத் தணிக்கையாளர் கணக்கைப் பார்த்தார். அரசுக் கார்கள் எங்கெங்கோ போயிருந்தன. அப்புறம் எப்.பி.ஐ. வந்தது. கெட்சம், அரசுக் காரையும் எரிபொருள் அட்டையையும் கோல்ஃப் விளையாடப் போக உபயோகித்ததை ஒப்புக்கொண்டார். லௌரி 2018 அக்டோபரில் 11 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. ஒன்று பின்னால் தள்ளுபடி ஆனது. 2019 பிப்ரவரியில் அவருக்கு 24 மாதச் சிறைத் தண்டனை.

மற்ற மூவர் மீதான பதவிநீக்க விவகாரம் முழுக்க நல்லவர் கெட்டவர் கதை இல்லை. நால்வரையும் ஒரே வலையில் வாரிப்போட்டது, காலியாகும் நாற்காலிகளை ஆளுங்கட்சியான குடியரசுக் கட்சி பிடிக்கத்தான் என்று ஜனநாயகக் கட்சியினர் சொன்னார்கள். அதில் ஓரளவு பொருள் இருக்கிறது. கீழவையின் சபாநாயகராக இருந்த டிம் ஆர்ம்ஸ்டெட்டே பதவி விலகி, பின் ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்; அந்த நவம்பர் சிறப்புத் தேர்தலிலும் ஜெயித்தார். காலியிடத்தை ஆளுநர் நிரப்பாமல் மக்களே நிரப்பட்டும் என்று டேவிஸ் சிறப்புத் தேர்தலுக்கான கெடு தாண்டுவதற்குள் ஓய்வை அறிவித்துவிட்டுப் போனார். வாக்கர் மேலவை விசாரணையில் தப்பினார், கண்டனம் மட்டும். வொர்க்மன் வழக்குப் போட்டார். தற்காலிக நீதிபதிகள் அடங்கிய அமர்வு, சட்டமன்றம் இப்படி நடத்துவது அதிகாரப் பிரிவினைக்கு விரோதம் என்று நிறுத்திவிட்டது. அறை அலங்காரம் ஊதாரித்தனமா குற்றமா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வரவேயில்லை. பில்லை வெளியே கொண்டுவருவது வரைதான் நிருபர் கையில் இருக்கிறது. அதை யார் எதற்கு எடுத்து உபயோகிக்கிறார்கள் என்பது அரசியல்வாதிகளின் கையில்.

அதே மாநிலத்தில் நீதிமன்றச் செய்தி என்பது நீதிபதிகளைப் பற்றியது மட்டும் இல்லை என்பதற்கும் நல்ல உதாரணம் இருக்கிறது. வலி மாத்திரை விநியோக நிறுவனங்கள் மீது மாநில அரசு போட்ட வழக்கு பூன் கவுண்டியில் நடந்தது. கேப்பர்ட்டனுக்கு ஜூரி தீர்ப்புச் சொன்ன அதே கவுண்டி. முக்கிய ஆவணங்களுக்கு சீல் வைத்திருந்தார்கள். சார்ல்ஸ்டன் கெஸட்-மெயில் பத்திரிகை வழக்கில் தலையிட்டு, ஆவணங்களைத் திறக்கக் கேட்டது. நீதிபதி திறந்துவிட்டார். நிருபர் எரிக் அயர் அவற்றோடு மற்ற அரசு ஆவணங்களையும் வைத்து 2016 டிசம்பரில் எழுதினார்: ஆறு வருடத்தில் 78 கோடி ஓபியாய்டு மாத்திரைகள் இந்தச் சிறு மாநிலத்துக்குள் இறங்கியிருக்கின்றன. 392 பேர் வசிக்கும் கெர்மிட் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடைக்கு மட்டும் இரண்டே வருடத்தில் கிட்டத்தட்ட 90 லட்சம். அதே ஆறு வருடத்தில் அந்த மாத்திரைகளை அளவுக்கு மீறி எடுத்து இறந்தவர்கள் 1,728 பேர். பூட்டிய கோப்பு பூட்டியபடியே இருந்திருந்தால், வழக்கு சத்தமில்லாமல் சமரசத்தில் முடிந்திருக்கும்.

அந்தச் செய்திக்கு 2017 ஏப்ரலில் புலிட்சர் பரிசு. 2018 ஜனவரி 30 அன்று கெஸட்-மெயில் திவால் மனு தாக்கல் செய்தது. இரண்டுக்கும் இடையே ஒன்பது மாதம்.

கெஸட்டின் பழைய வெளியீட்டாளர் நெட் சில்டன், பத்திரிகையின் வேலை 'விடாத ஆத்திரம்' என்று சொல்வார். ஒரு நாள் பொங்கிவிட்டு மறுநாள் வேறு செய்திக்குப் போகக் கூடாது, விஷயம் தீரும்வரை விடக் கூடாது என்று அர்த்தம். ஆத்திரத்துக்குச் சம்பளம் தர ஆள் வேண்டுமே. 2015-இல் கெஸட்டும் டெய்லி மெயிலும், நூறாண்டுப் போட்டியாளர்கள், ஒரே பத்திரிகை ஆயின. திவாலுக்குப் பின் அதை ஹண்டிங்டனைச் சேர்ந்த எச்.டி. மீடியா வாங்கியது. 2022 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் தலைவர் ஒரு வீடியோ பேட்டி எடுத்தார். எதிரே உட்கார்ந்தவர் டான் பிளாங்கன்ஷிப். இந்த இடைவெளியில் அவருக்கு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும்: 2010 ஏப்ரல் 5 அன்று மேஸியின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் வெடி விபத்து, 29 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்ததாக 2015-இல் அவர் மீது குற்றம் நிரூபணமாகி, ஒரு வருடம் சிறையில் இருந்தார். பேட்டியைக் கெஸட்-மெயில் நிருபர்கள் மூன்று பேர் வெளிப்படையாக விமர்சித்தார்கள். மூவரையும் வேலையை விட்டு நீக்கினார்கள்.

எரிக் அயரும், நிலக்கரிச் செய்திகளில் பெயர் பெற்ற கென் வார்டும் அதற்கு முன்பே வெளியேறி, 2020-இல் மவுண்டன் ஸ்டேட் ஸ்பாட்லைட் என்ற லாப நோக்கமற்ற செய்தி நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். விளம்பரம் இல்லை, அறக்கட்டளைப் பணமும் வாசகர் நன்கொடையும்தான் வருமானம். இந்த மாதிரி அமைப்புகள் இன்று அமெரிக்கா முழுக்க முளைத்திருக்கின்றன. சிகாகோவின் இன்ஜஸ்டிஸ் வாட்ச், விஸ்கான்சின் வாட்ச் போன்றவை நீதிமன்றச் செய்திகளையும் எடுத்து எழுதியிருக்கின்றன. சிகாகோவில் ஒரே வாக்குச்சீட்டில் டஜன் கணக்கான நீதிபதிகளுக்கு 'தொடரலாமா, வேண்டாமா' என்று ஓட்டுப் போட வேண்டும். 60 சதவீதம் 'தொடரலாம்' விழுந்தால் போதும். நடைமுறையில் அநேகமாக எல்லோரும் தொடர்ந்துவிடுவார்கள். 2018-இல் ஒரு நீதிபதி தோற்றபோது, 1990-க்குப் பின் அங்கே நடந்த முதல் தோல்வி அது. அவர் அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்த காலத்துப் பழைய வழக்குகளையும் அவர் விதித்த தண்டனைகளையும் தோண்டி எழுதிய செய்திகள் முன்பே வந்திருந்தன.

ஆனால் பணத்தின் வேகம் வேறு. 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஒரே ஒரு நாற்காலிக்கு நடந்த தேர்தலில் இரு தரப்பும் சேர்ந்து 10 கோடி டாலருக்கு மேல் கொட்டின. எலான் மஸ்க் தரப்பு மட்டும் 2 கோடிக்கு மேல். அவர் ஆதரித்தவர் தோற்றார், சூசன் க்ராஃபோர்ட் ஜெயித்தார். பிளாங்கன்ஷிப்பின் 30 லட்சத்தைப் பார்த்து நாடே வாயைப் பிளந்தது 2004-இல். இன்று அது ஒரு நடுத்தரமான நன்கொடை. இவ்வளவு பெரிய தேர்தல் என்றால் தேசியப் பத்திரிகைகள் எல்லாம் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிடும், கோடீஸ்வரர் பெயர் தலைப்பில் வரும். அங்கே யாருக்கும் கண் மறைவதில்லை. கவனிப்பு இல்லாமல் போவது கீழே, கவுண்டி நீதிமன்றங்களில். மேற்கு வர்ஜீனியாவில் மட்டும் 55 கவுண்டிகள். நீதிபதி தேர்தல் இப்போது நவம்பரில் இல்லை, மே மாத உட்கட்சித் தேர்தலோடு சேர்ந்து நடக்கிறது. ஓட்டுப் போட வருகிறவர்கள் குறைவு. பல கவுண்டிகளில் போட்டியே இருக்காது, ஒரே பெயர்தான் சீட்டில். அங்கே ஒரு வாரப் பத்திரிகை இருந்தால் அதன் ஆசிரியரே நிருபர், அவரே விளம்பரம் பிடிப்பவர். அந்த விளம்பரங்களில் சிலவற்றைக் கொடுப்பதும் அதே நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்கள்தான்.